சினாடு வாலிபர் கமிட்டியில் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன வேலை?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இடையில் வந்து வாசிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும். களியக்காவிளை தாண்டி பாறசாலைப் பக்கம் ஒரு சிறிய லுத்தரன் சபை. வீட்டிலும் ஆராதனையிலும் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். மகளுக்கு 17 வயது, பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். போன மாதம் சபைக்கூட்டத்தில் அவளைச் சினாடு வாலிபர் கமிட்டிக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். போனால் பாட்டுப் பாடவும் நாற்காலி போடவும்தான் கூப்பிடுவார்களோ, அமெரிக்காவில் அக்கா மகன் இதேபோன்ற கமிட்டியில் இருக்கிறான், அங்கே பிள்ளைகளுக்கு ஓட்டே உண்டாமே, இங்கே உண்டா, படிப்பு கெடுமா என்று அவளுடைய அம்மா கேட்டிருக்கிறார். கேள்விகள் நான்கு போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்த மேசையைச் சுற்றி உட்காரும்போது என் பிள்ளையின் சொல்லுக்கு எடை இருக்குமா?

இருக்கும், ஆனால் தானாக வராது. ஒரு கமிட்டி பிள்ளைகளை உறுப்பினராக வைத்திருக்கிறதா, எடுபிடியாக வைத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க அதிக நாள் தேவையில்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அஜெண்டா கைக்கு வருகிறதா, அவள் முன்மொழிந்தது மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) அவள் பெயரோடு ஏறுகிறதா, வரவுசெலவை அவளுக்கும் சேர்த்து வாசிக்கிறார்களா என்று பாருங்கள். இவை இருந்தால் அது கமிட்டி. இவை ஒன்றும் இல்லாமல், கேம்ப் அன்று காலையில் "மஞ்சள் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு ஏழு மணிக்கு வா" என்று மட்டும் செய்தி வந்தால் அது தொண்டர் படை. தொண்டர் படையும் வேண்டியதுதான். அதற்குச் சபைக்கூட்டம் கூட்டிப் பிரதிநிதி தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அமைப்பைப் பற்றிச் சிறு விளக்கம், ஏனென்றால் 'சினாடு' என்ற சொல்லே குழப்பும். சி.எஸ்.ஐ.யில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், சினாடு என்றால் சபை முழுவதற்குமான உச்ச அமைப்பு. அதற்குக் கீழேதான் டயோசிஸ் என்கிற பேராயம். இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில், அதாவது ஐ.இ.எல்.சி.யில், சினாடு என்பது ஒரு வட்டாரம். 1895இல் கிருஷ்ணகிரி, ஆம்பூர் பக்கம் மிசூரி மிஷனாகத் தொடங்கி 1907இல் நாகர்கோவில் பக்கம் வந்த சபை அது. இன்று ஆம்பூர், நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று மூன்று சினாடு. நாகர்கோவில் சினாடும் திருவனந்தபுரம் சினாடும் ஒட்டிக் கிடப்பதால் எல்லையோரச் சபைகளில் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் புழங்குகிறார்கள். உள்ளூர்ச் சபையில் வாலிபர் ஐக்கியம் அல்லது வாலிபர் சங்கம் இருக்கும். அதிலிருந்து ஒருவரோ இருவரோ மேலே போவார்கள். எத்தனை பேர், எத்தனை வருடம், எந்த வயதுவரை என்பதெல்லாம் சபைக்குச் சபை, சினாடுக்குச் சினாடு மாறும். அதை நான் பொதுவாகச் சொன்னால் தப்பாகப் போகும். உங்கள் பாஸ்டரிடம் வாலிபர் அமைப்பின் விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு உறுப்பினர் தகுதி, காலம், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) மூன்றையும் வாசியுங்கள். சில இடங்களில் விதிமுறையே அச்சில் இருக்காது, வழக்கம்தான் இருக்கும். அப்படியானால் முதல் கூட்டத்திலேயே அதைக் கேள்வியாக எழுப்பலாம். பிள்ளை எழுப்பினால் இன்னும் நல்லது.

அமெரிக்காவைப் பற்றி. உங்கள் அக்கா மகன் இருப்பது அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் சபை என்றால் (மிசூரி சினாடு என்பது அங்கேயுள்ள வேறொரு லுத்தரன் சபை, அதன் ஏற்பாடு வேறு), அங்கே 65 சினாடுகள். பல சினாடுகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கிற பிள்ளைகளுக்கென்றே தனிக் கமிட்டி உண்டு. பெரியவர்கள் ஆலோசகராகப் பக்கத்தில் உட்காருவார்கள். அந்தச் சபையின் அமைப்புச் சட்டமே, பேரவைகளிலும் கமிட்டிகளிலும் ஓட்டுள்ள உறுப்பினர்களில் குறைந்தது 10 சதவீதம் இளையோராக இருப்பதை இலக்காக வைத்திருக்கிறது. 18 வயது நிரம்பாதவர்கள் ஒரு பிரிவு, 18 முதல் 30 வரை இன்னொரு பிரிவு. ஆகவே பையன் சொன்னது உண்மைதான். லுத்தரன் உலக சம்மேளனமும் 1984இல் புடாபெஸ்ட் பேரவையில் இதே திசையில் முடிவெடுத்தது: தன் கூட்டங்களிலும் அமைப்புகளிலும் 20 சதவீதம் இளைஞர், 40 சதவீதம் பெண்கள். சம்மேளனக் கணக்கில் இளைஞர் என்றால் 30 வயதுவரை. நம் ஊர்ச் சங்கங்களில் 35 தாண்டியவரும் 'வாலிபர் தலைவர்' என்று மாலை போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். இந்த விகிதங்கள் உலக அளவில் ஒரு முன்மாதிரி. உங்கள் சினாடின் விதிமுறையில் எழுதியிருந்தால்தான் உங்கள் மகளுக்கு உரிமையாகும்.

இனி வேலைக்கு வருவோம். வெளியே தெரிகிற வேலை கேம்ப். உள்ளே நடக்கிற வேலை, அதுவும் முதன்மையானது, தகவல் கொண்டுபோய்க் கொண்டுவருவது. பிரதிநிதி என்றால் அதுதான் பொருள். உள்ளூரில் இருபது பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். அங்கே முடிவானதைத் திரும்ப வந்து சொல்ல வேண்டும். பெரும்பாலான பிரதிநிதிகள் தவறுகிற இடமும் இதுவே. கூட்டத்துக்குப் போவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள், சபையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. சினாடு அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை பாஸ்டரின் மேசையில் ஆராதனைப் புத்தகத்துக்கு அடியில் கிடக்கும். அப்புறம் "எங்களுக்குச் சொல்லவே இல்லை" என்ற புகார்.

இதைச் சமாளிக்க அரைப் பக்கம் போதும். கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில் மூன்று நிமிடம் பேச அனுமதி கேட்கும்படி மகளிடம் சொல்லுங்கள். "போன சனிக்கிழமை கமிட்டி கூடியது. கோடை முகாம் மே 13 முதல் 15 வரை. கட்டணம் 500 ரூபாய், பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 25. நம் சபைக்குப் பன்னிரண்டு இடம். கட்டணம் கட்ட முடியாதவர்கள் என்னிடமோ பாஸ்டரிடமோ தனியாகச் சொன்னால் போதும்." இவ்வளவுதான். நாள், தொகை, எண்ணிக்கை, யாரிடம் சொல்வது. 'ஆசீர்வாதமாக நடந்தது' என்று தொடங்குகிற அறிக்கையில் இந்த நான்கும் காணாமல் போய்விடும். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள்: கட்ட முடியாதவர் கையைத் தூக்கச் சொல்லக் கூடாது. ரப்பர் வெட்டுக் கூலியில் நடக்கிற குடும்பத்துப் பிள்ளை ஆலயத்துக்குள் எல்லார் முன்னாலும் கை தூக்காது. முகாமுக்கு வராமல் இருந்துவிடும்.

கூட்டத்துக்குள் நடப்பது. பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள்; வேத வாசிப்பு, ஜெபம், போன கூட்ட மினிட்ஸ் வாசிப்பு, அதிலிருந்து எழுகிற விஷயங்கள், பொருளாளர் கணக்கு, புதிய விஷயங்கள். புதிதாகப் போகிற பிள்ளை முதல் கூட்டத்தில் மினிட்ஸ் வாசிப்பைச் சடங்கு என்று நினைத்து போனைப் பார்க்கும். உண்மையில் பிடி அங்கேதான் இருக்கிறது. 'முகாம் குறித்து விவாதிக்கப்பட்டது' என்று எழுதிய மினிட்ஸால் யாருக்கும் உபயோகம் இல்லை; மூன்று மாதம் கழித்து யார் எதை ஒத்துக்கொண்டார்கள் என்று சண்டை வரும். நன்றாக எழுதியது இப்படி இருக்கும்: "தீர்மானம் 3: முகாம் பதிவுப் பொறுப்பு இருவருக்கு, ஒருவர் தமிழ்ச் சபைகளுக்கு, ஒருவர் மலையாளச் சபைகளுக்கு. அடுத்த கூட்டத்தில் சபைவாரி எண்ணிக்கை சொல்ல வேண்டும்." அதன் கீழே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர். உதவிச் செயலாளர் பொறுப்பு கிடைத்தால் தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். மேடையில் பேசுகிறவரைவிட மினிட்ஸ் எழுதுகிறவருக்குத்தான் விஷயம் முழுக்கத் தெரியும். பெரியவர்கள் ஒருவரையொருவர் வெட்டிப் பேசும்போது "ஐயா, இதை எப்படி எழுதட்டும்?" என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை கேட்டால் கூட்டம் சட்டென்று ஒழுங்குக்கு வரும். கேட்டுப் பாருங்கள்.

எல்லையோரக் கமிட்டிகளுக்கே உரிய தொல்லை மொழி. பேச்சில் சிக்கல் குறைவு, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரருக்கு மலையாளமும் பாறசாலைக்காரருக்குத் தமிழும் காதில் விழுந்து பழகியவை. சிக்கல் எழுத்தில். மலையாளத்தில் 'யோகம்' என்றால் கூட்டம். தமிழ்ப் பிள்ளைக்கு 'நாளை யோகம் உண்டு' என்று செய்தி வந்தால் அதிர்ஷ்டம் அடிக்கப்போகிறது என்று சிரிக்கும். அது சிரிப்போடு போய்விடும். 'அவசரம்' அப்படிப் போகாது. மலையாளத்தில் அது வாய்ப்பு. 'எல்லாச் சபைகளுக்கும் அவசரம்' என்று யாராவது தமிழ் எழுத்தில் தட்டி அனுப்பினால், எல்லாருக்கும் வாய்ப்பு உண்டு என்பது, எல்லாரும் உடனே செய்ய வேண்டும் என்று மாறிவிடும். தீர்மானங்களை மட்டுமாவது இரண்டு எழுத்திலும் எழுதுவது நல்ல கமிட்டியின் அடையாளம். முழு மினிட்ஸையும் மொழிபெயர்க்க ஆசைப்பட்டால் இரண்டாவது கூட்டத்தோடு நின்றுவிடும். கூட்டத்தில் ஒவ்வொரு பேச்சையும் பத்தி பத்தியாக மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும். விளங்காத இரண்டு மூன்று பேருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மெல்லச் சொல்லிக்கொண்டே வருவது போதும்.

பாட்டுத் தாளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வீட்டில் தமிழ் பேசி மலையாள வழியில் படிக்கிற பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும். பாமாலையும் கீர்த்தனையும் காதால் மனப்பாடம், புதுப் பாட்டு வந்தால் வாயை அசைப்பார்கள். மலையாள எழுத்தில் தமிழ்ப் பாட்டை அச்சடித்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகளின் குரல் அன்றைக்கே கேட்கும். உங்கள் மகள் போன்ற ஒருத்தி கமிட்டியில் இல்லாவிட்டால் இது வேறு யாருக்கும் தோன்றாது. பாறசாலைப் பிள்ளை அங்கே எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

இனி கேம்ப். நாள் குறிப்பதிலேயே பாதி வெற்றி தோல்வி. தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில். கேரளத்தில் ஓண விடுமுறை ஆகஸ்டு-செப்டம்பரில், பஞ்சாங்கப்படி நகரும். இரண்டும் பெரும்பாலும் ஒத்துவராது. கிறிஸ்துமஸ் விடுமுறை ஒத்துவரும், ஆனால் அப்போது பாடகர் குழுவும் பஜனையும் வருடக் கடைசி ஆராதனையும் பிள்ளைகளை உள்ளூரிலேயே பிடித்துவைக்கும். ஏப்ரல் என்றால் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி; அதற்கு ஆசிரியராக நிற்பதும் இதே பிள்ளைகள்தான். மே முதல் வாரம் நீட் தேர்வு. மே கடைசியில் மழை கட்டிவிடும். மிஞ்சுவது மே இரண்டாம், மூன்றாம் வாரம்; பெந்தெகொஸ்தே ஞாயிறு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டு, வியாழன் முதல் சனி வரை. ஞாயிறு வரை இழுத்தால் ஒவ்வொரு பாஸ்டருக்கும் அன்று பாட ஆள் இருக்காது, அடுத்த வருடம் பிள்ளைகளை அனுப்ப மாட்டார். இரண்டு மாநிலக் கால அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பெரியவர்கள் நாள் குறிப்பதால்தான் ஒரு மாநிலத்துப் பிள்ளைகள் மட்டும் வந்து நிற்கிற முகாம்கள் நடக்கின்றன. இந்த வேலையைப் பள்ளியில் படிக்கிற உறுப்பினர்களிடமே விட்டுவிட வேண்டும்.

பணக்கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கமிட்டிகள் கவிழ்வது இங்கேதான். இது மாதிரிக் கணக்கு, விலை உங்கள் ஊரில் கூடும் குறையும். 120 பேர், மூன்று பகல் இரண்டு இரவு. முதல் நாள் மதியம் முதல் மூன்றாம் நாள் மதியம்வரை மூன்று மதியச் சாப்பாடு தலா 100, இரண்டு இரவுச் சாப்பாடு தலா 70, இரண்டு காலை உணவு தலா 50, ஐந்து முறை டீயும் கடியும் தலா 20. ஒருவருக்கு 640 ரூபாய், 120 பேருக்கு 76,800. இடம், தண்ணீர், கரண்டு 15,000. மைக் செட்டும் ஜெனரேட்டரும் 8,000. பேச்சாளர்கள் பயணப்படி 6,000. அச்சு, பரிசு, முதலுதவி 5,000. கூட்டினால் 1,10,800. எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் வைத்தால் மொத்தம் 1,21,880. இதை 120ஆல் வகுத்துத் தலைக்கு 1,016 என்று சொல்வது வழக்கமான தப்பு. சமையலுக்கு உதவுகிறவர்கள், பேச்சாளர், பாஸ்டர், பொறுப்பாளர் போகக் கட்டணம் கட்டுகிறவர் 105 பேர் என்று வையுங்கள். 500 ரூபாய் வீதம் 52,500 வரும். மீதி 69,380 எங்கிருந்து என்ற கேள்விக்கு ஜனவரியிலேயே பதில் வேண்டும்: சினாடு ஒதுக்கீடு எவ்வளவு, வாலிபர் ஞாயிறு காணிக்கை எவ்வளவு, நன்கொடை எவ்வளவு. நன்கொடையை 'வரும்' என்று எழுதக் கூடாது, எழுத்தில் உறுதி சொன்னவர் தொகையை மட்டும் எழுத வேண்டும்.

அடுத்த ஓட்டை, அன்றைக்கு வந்து பெயர் கொடுக்கிறவர்கள். "எங்கள் சபையிலிருந்து இன்னும் ஆறு பேர் வண்டியில் இருக்கிறார்கள்" என்று காலையில் போன் வரும். இப்படி 25 பேர் கூடினால் சாப்பாட்டுச் செலவு மட்டும் 16,000 ஏறும். அவர்கள் கட்டுவது 12,500. பணம்கூடச் சமாளிக்கலாம், சோறும் பாயும் கழிப்பறையும் சமாளிக்க முடியாது. முதல் நாள் மதியமே கடைசிப் பந்திக்குக் கறி தீரும், அப்புறம் முகாமில் என்ன பிரசங்கம் நடந்தாலும் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வது அந்தக் கறியைப் பற்றித்தான். கடைசி நாளுக்குப் பிறகு பெயர் எடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டு, சினாடு தலைவரின் சொந்தச் சபைக்கும் அதையே சொல்லத் துணிகிற கமிட்டி நல்ல கமிட்டி.

பணம் கையில் வாங்குவது பற்றி உங்கள் மகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: சொந்த ஜிபே எண்ணில் யார் பணத்தையும் வாங்கக் கூடாது. திருட்டு நினைப்பு யாருக்கும் இருக்காது, வசதிக்காகச் செய்வார்கள். பிறகு அவளுடைய ரீசார்ஜும் முகாம் கட்டணமும் ஒரே கணக்கில் கலந்து, 500 ரூபாய் இடிக்கும்போது பெயர் கெடுவது அவளுக்கு. எண் போட்ட ரசீதுப் புத்தகம், இரண்டு நாளுக்குள் வங்கியில் கட்டுவது, இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுப்பது என்ற மூன்று பழக்கம் போதும். 18 நிரம்பாதவர் போடுகிற ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன்படி செல்லாது. ஆகவே அவளைக் காசோலைக் கையெழுத்திடுகிறவராகவோ மண்டபம் புக் செய்து ஒப்பந்தம் போடுகிறவராகவோ வைக்கக் கூடாது, வைத்தால் மறுத்துவிட வேண்டும். கணக்கைப் பார்க்கலாம், கேட்கலாம், வாசிக்கலாம். அந்த உரிமைக்கு வயது தடையில்லை.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. 18 வயதுக்குக் கீழே எல்லாரும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இன் கணக்கில் குழந்தைகள், கமிட்டி உறுப்பினராக இருந்தாலும் அப்படித்தான். முகாமுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் தாள் வேண்டும். அதில் இரண்டு போன் எண், ஒவ்வாமை, தினமும் சாப்பிடுகிற மாத்திரை எழுதியிருக்க வேண்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது நடைமுறை அளவு. பெண் பிள்ளைகள் தங்கும் கட்டடத்தில் இரவில் பெண் பொறுப்பாளர்கள் இருவர். எந்தப் பெரியவரும், பாஸ்டரோ பேச்சாளரோ ஆனாலும், ஒரு பிள்ளையோடு கதவடைத்த அறையில் தனியாக இருக்கக் கூடாது. தனி ஜெபமோ ஆலோசனையோ திறந்த வராந்தாவில், மற்றவர் கண்ணில் படும்படி. ஏதாவது நடந்ததாகத் தெரிந்தால் அறிந்தவர் காவல் துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ. அந்தத் தண்டனை குழந்தைகளுக்குப் பொருந்தாது. ஆனாலும் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098 தெரிந்திருக்க வேண்டும். 'சபைக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்' என்று யார் சொன்னாலும் அது சட்டத்துக்குப் புறம்பு, எத்தனை வயதில் மூத்தவர் சொன்னாலும்.

சிறிய விஷயம்போலத் தோன்றும், ஆனால் கமிட்டியில் பெண் பிள்ளைகள் தங்குவதும் விலகுவதும் இதில்தான்: கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது. நாகர்கோவிலில் மாலை நான்கு மணிக்குத் தொடங்கும் கூட்டம் ஏழுக்கு முடிந்தால், களியக்காவிளை பஸ் பிடித்து, அங்கிருந்து மாறி, வீடு சேர ஒன்பதரை. அப்பா ஒருமுறை போய்க் கூட்டிவருவார், இரண்டாம் முறை முகம் சுளிப்பார், மூன்றாம் கூட்டத்துக்குப் பிள்ளை வராது. 'பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை' என்று கமிட்டி எழுதிவைக்கும். சனிக்கிழமை காலை பத்துக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடித்தால் இந்தச் சிக்கலே இல்லை. அவ்வப்போது மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ வைத்தால் இன்னும் சுலபம்.

லுத்தரன் என்பதால் ஒரு வரம்பும் ஓர் உரிமையும் உண்டு. 1530இன் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை 14ஆம் பிரிவு, முறையாக அழைப்புப் பெறாதவர் சபையில் பகிரங்கமாகப் போதிக்கவோ திருச்சடங்குகளை நடத்தவோ கூடாது என்கிறது. ஆகவே முகாமில் திருவிருந்து வேண்டுமானால் பாஸ்டரை முன்கூட்டியே கேட்டு நாள் வாங்க வேண்டும். கடைசி இரவில் உணர்ச்சிவசப்பட்டு வாலிபர்களே அப்பம் பிட்டுக் கொடுப்பது நம் மரபில் ஆகாது. அதே மரபு, ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் ஆசாரியர் என்றும் சொல்கிறது. லுத்தர் 1520இலேயே அதை எழுதிவிட்டார். வேத வாசிப்பு, ஜெபம், பாட்டுத் தேர்வு, சிறு குழு வேத ஆராய்ச்சி, நிர்வாகம் எல்லாம் பிள்ளைகள் கையில் இருக்கலாம், இருக்க வேண்டும். திடப்படுத்தல் (தன் விசுவாசத்தைச் சபை முன் அறிக்கையிடும் சடங்கு) முடித்த பிள்ளைக்கு, லுத்தர் கேள்வி பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசம் தெரியும். அவளுக்கு அஜெண்டா விளங்காது என்று சொல்வதில் நியாயமில்லை.

தேர்தல் அரசியலைப் பற்றி ஒரு வார்த்தை. சினாடு தேர்தல் நெருங்கும்போது வாலிபர் கமிட்டியை இரு பக்கமும் இழுக்கும். கமிட்டி லெட்டர் பேடில் யாருக்கு ஆதரவாகவோ எதிராகவோ எழுதிய காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், வாட்ஸப் குழுவில் பெயர் சேர்ப்பார்கள். தீர்மானம் போடாத எதிலும் கமிட்டியின் பெயரில் கையெழுத்துப் போடாதே என்று மட்டும் மகளிடம் சொல்லிவையுங்கள். "மினிட்ஸில் இல்லையே அண்ணா" என்று சொன்னால் போதும்.

படிப்பு. கணக்கிட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு நான்கு முதல் ஆறு கூட்டம், ஒவ்வொன்றும் பயணத்தோடு ஒரு நாள், முகாம் மூன்று நாள், அதற்கு முன்னால் ஆயத்தம் இரண்டு நாள், வாலிபர் ஞாயிறு, மண்டலக் கூடுகை என்று இன்னும் இரண்டு மூன்று நாள். மொத்தம் 11 முதல் 14 நாள். இதனால் பிளஸ் டூ மார்க் குறையாது. குறைப்பது வாட்ஸப் குழுவும், செயலாளர் அல்லது பொருளாளர் பொறுப்பும். பிளஸ் டூ வருடத்தில் அந்த இரண்டு பொறுப்பும் வேண்டாம். சாதாரண உறுப்பினர், அதிகம் போனால் உதவிச் செயலாளர். ஜனவரி முதல் தேர்வு முடியும்வரை விடுப்பு என்று டிசம்பர் கூட்டத்திலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். "மார்ச் தேர்வு முடியும்வரை கூட்டங்களுக்கு வர இயலாது. அதுவரை எங்கள் சபையிலிருந்து இன்னார் வருவார். மினிட்ஸ் நகலை எனக்கு அனுப்பிவைக்கவும்." இரண்டு வரி, கீழே கையெழுத்து. 'இன்னார்' என்ற இடத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பெயரை எழுதினால், அடுத்த பிரதிநிதிக்குப் பயிற்சியும் அங்கேயே தொடங்கிவிடும். விடுப்பை மறுத்து, "ஊழியத்துக்கு முன்னால் படிப்பா?" என்று யாராவது கேட்டால், கேட்டவரின் சொந்தப் பிள்ளை தேர்வுக்கு முந்தின வாரம் எங்கே இருந்தது என்று நீங்களே விசாரித்துக்கொள்ளலாம்.

முதல் கூட்டத்துக்கு அவள் எடுத்துப்போக வேண்டியது ஒரு நோட்டு, ஒரு பேனா, சபையில் பத்துப் பிள்ளைகளிடமாவது கேட்டு எழுதிய மூன்று விஷயங்கள். போன இரண்டு கூட்டத்தின் மினிட்ஸை முன்கூட்டியே அனுப்பச் சொல்லிக் கன்வீனருக்கு இன்றைக்கே ஒரு செய்தி போடட்டும். எத்தனை நாளில், எப்படிப் பதில் வருகிறது என்பதை வைத்து உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.